கும்பிடுபூச்சிக் கூண்டில் கோளாறா? வடசென்னை வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

கும்பிடுபூச்சி வளர்ப்பு பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள், அடியில் சூடேற்றும் தகடு வையுங்கள், கண்ணாடித் தொட்டியில் அடைத்து ஈரத்தைக் காப்பாற்றுங்கள் என்பார்கள். தண்டையார்பேட்டை மாடி அறையில் அதையே அப்படியே செய்தால் பூச்சிக்கு நாமே குழி தோண்டியதாகும். கடலோரத்தில் குடியிருக்கும் நமக்குச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பஞ்சமில்லை. கூண்டில் குறைவது காற்றும் உயரமும். அழைக்காமல் வந்து சேருவது எறும்பும் கொசுமருந்தும். கீழே உள்ள கோளாறுகளில் முக்கால்வாசி இந்த நான்கில் ஏதாவது ஒன்றில் போய் முடியும்.

அறிகுறிகளுக்குள் போகுமுன் உங்கள் கூண்டை ஒருமுறை அளந்துவிடுங்கள். பூச்சியின் உடல் நீளத்தைப்போல் மூன்று மடங்கு உயரமும் இரண்டு மடங்கு அகலமும் இருக்க வேண்டும்; இதற்குக் குறையக் கூடாது. நம் பக்கத்துச் செடிகளில் காணப்படும் பெரிய பச்சைக் கும்பிடுபூச்சி (ஹீரோடுலா வகை) வளர்ந்தால் 7 முதல் 9 சென்டிமீட்டர் வரை வரும். அதற்கு 30 செ.மீ. உயரமும் 20 செ.மீ. அகலமும் உள்ள பெட்டி சரியாக இருக்கும். அரிசி கொட்டிவைக்கும் உயரமான பிளாஸ்டிக் டப்பாவே போதும். மூடியின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு நைலான் வலை ஒட்டுங்கள். பக்கச் சுவரின் கீழ்ப்பகுதியில் உள்ளங்கை அளவுக்கு இன்னொரு ஜன்னல் வெட்டி அதிலும் வலை ஒட்டுங்கள். கீழே நுழையும் காற்று மேலே வெளியேறினால்தான் அது காற்றோட்டம். மேலே மட்டும் ஓட்டை போட்டால் அடியில் இருக்கும் காற்று அங்கேயே புழுங்கும். கதவு பக்கவாட்டில் இருக்கட்டும். மேல்மூடியைக் கதவாக்கக் கூடாது. பூச்சி தொங்குவதே அதில்தான்.

வலை விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். காசிமேட்டில் கிழிந்த மீன்வலை சும்மா கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். அதன் கண்ணி வழியாகக் குஞ்சும் போகும், இரையும் போகும். இரும்புக் கம்பிவலையும் வேண்டாம். ராயபுரம் உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும், பூச்சியின் பாதத்தையும் கண்ணையும் உராயும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் நெட் துணியே நல்லது. ஒட்டிய பசையின் வாடை முழுக்கப் போன பிறகுதான் பூச்சியை உள்ளே விட வேண்டும்.

கொளத்தூர் மீன்கடையில் கண்ணாடித் தொட்டி வாங்கியே விட்டீர்களா? அதைச் செங்குத்தாக நிமிர்த்தி, திறந்த வாய் பக்கவாட்டில் வரும்படி வைத்து, வாய்க்கு வலைச் சட்டம் அடியுங்கள். இப்போது கூரையாகிவிட்ட கண்ணாடியின் உட்புறத்திலும் ஒரு வலைத்துண்டு ஒட்ட வேண்டும். இல்லையென்றால் பிடிமானம் இருக்காது.

தரையிலேயே கிடக்கிறது, மேலே ஏறவில்லை

கும்பிடுபூச்சி தலைகீழாகத் தொங்கியே வாழ்நாளைக் கழிக்கும். கீழே கிடந்தால் முதலில் கூரையைத் தொட்டுப் பாருங்கள். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் சிறு குஞ்சு ஏறிவிடும், வயிறு கனத்த பெண்பூச்சி வழுக்கி விழும். பக்கச் சுவர் ஒன்றிலாவது அடியிலிருந்து மேல்வரை வலைத்துண்டு ஒட்டிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

பிடிமானம் சரியாக இருந்தும் கீழே கிடந்தால் சூட்டைச் சந்தேகியுங்கள். மீன்கடையில் விற்கும், வயர் நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானியின் நுனியைக் கூண்டுக்குள் விடுங்கள். 22 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சுகம். 35 வந்தாலும் காற்று ஓடினால் தாங்கிக்கொள்ளும். 40-ஐத் தொட்டால் ஆபத்து. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அது வெளியில், நிழலில் அளந்த கணக்கு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறையின் மேல்பகுதியில் மே மாத மதியத்தில் என்ன இருக்கும் என்பதை அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அக்னி நட்சத்திரம் முடியும்வரை கூண்டை அலமாரியின் மேல்தட்டிலிருந்து இறக்கி, வெயில் படாத சுவரோரமாகத் தாழ்வான ஸ்டூலில் வையுங்கள். மதியம் கடற்காற்று வரும் ஜன்னல் இருந்தால் அதற்கு எதிரே வைக்கலாம், ஆனால் நேர் வெயில் அரை மணி நேரம்கூடப் படக் கூடாது.

இறக்கை முளைத்துப் பல மாதமான பூச்சி தளர்ந்து கீழே கிடந்தால் அது மூப்பு. உயரத்தைக் குறைத்து, அடியில் டிஷ்யூ காகிதம் விரித்து, இரையை வாயருகே நீட்டுங்கள். வேறு மருத்துவம் இல்லை.

தோலுரிக்கும்போது விழுந்துவிட்டது, கால் கோணலாகிவிட்டது

வளர்ப்பவர்களைக் கலங்க வைக்கும் கோளாறு இதுதான். காரணம் பெரும்பாலும் கூண்டில் இருக்கும்.

என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கூண்டைத் திருத்துவது எளிது. தோலுரிப்பதற்குச் சில நாள் முன்பே பூச்சி இரையைக் கண்டால் பின்வாங்கும். கடைசித் தோலுரிப்பு என்றால் முதுகில் இறக்கை மொட்டுகள் தடித்து உப்பும். பிறகு கூரையைப் பின்னங்கால்களால் கவ்விக்கொண்டு அசையாமல் தொங்கும். கழுத்துக்குப் பின்னால் தோல் வெடிக்கும். உடல் தன் எடையாலேயே கீழ்நோக்கி வழுகி இறங்கும். ஈர நூல்போல் துவண்ட கால்கள் ஒவ்வொன்றாகப் பழைய உறையிலிருந்து உருவப்படும். சற்று நேரம் வால்நுனி மட்டும் பழைய தோலில் ஒட்டியிருக்க, முழு உடலும் அந்தரத்தில் ஆடும். பிறகு ஒரே எக்கில் மேலே வளைந்து, தன் பழைய தோலையே பற்றிக்கொள்ளும். இதற்கெல்லாம் தொங்கும் இடத்துக்குக் கீழே உடல் நீளத்தைப்போல் இரு மடங்காவது வெற்றிடம் வேண்டும். மூன்று மடங்கு உயரம் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான்.

எனவே சரிபார்க்க வேண்டியவை: கூரையில் வலை இருக்கிறதா? அழகுக்காக நட்ட பிளாஸ்டிக் இலைகள் அந்த வெற்றிடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றனவா? பூச்சி தொங்கும்போது யாராவது மூடியைத் திறந்தார்களா, குழந்தைகள் டப்பாவைத் தட்டினார்களா? உள்ளே உயிருள்ள சுவர்க்கோழி இருந்ததா? தோலுரிக்கும் பூச்சியால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது, சுவர்க்கோழி அதைக் கடித்துத் தின்றே விடும். இரையை மறுக்கத் தொடங்கியதுமே உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிடுங்கள்.

ஈரம் குறைந்ததால் தோல் ஒட்டிக்கொண்டது என்ற விளக்கம் புத்தகங்களில் முதலில் வரும். வடசென்னையில் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். இரவெல்லாம் ஏ.சி. ஓடும் படுக்கையறையில் கூண்டு இருந்தால் மட்டும் அது முதல் சந்தேகம்.

பாதி உரித்த நிலையில் விழுந்துகிடந்தால், தோலைப் பிடித்து இழுக்காதீர்கள். பழைய தோலின் நுனியை ஒரு குச்சியில் டேப்பால் ஒட்டி, பூச்சி தலைகீழாகத் தொங்கும்படி மாட்டி, பக்கத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு விலகிவிடுங்கள். உடல் இறுகுவதற்கு முன் செய்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. கால் ஏற்கெனவே கோணலாக இறுகிவிட்டதா? இளம்பூச்சி என்றால் அடுத்தடுத்த தோலுரிப்பில் ஓரளவு நேராகும். உடைந்துபோன கால்கூடச் சிறிதாக மீண்டும் முளைக்கும். இறக்கை வந்துவிட்ட பூச்சிக்கு இனித் தோலுரிப்பு கிடையாது, கோணல் கோணல்தான்.

கால்கள் வெட்டி இழுக்கின்றன, மல்லாந்து விழுகிறது

நன்றாக இருந்த பூச்சி திடீரென்று இப்படி ஆனால் நஞ்சு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் அது எங்கே இல்லை? கொசுவர்த்திச் சுருள், சுவரில் செருகும் திரவம், கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரே, எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸ் ஆகியவற்றில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்துதான் இருக்கிறது. பூச்சியின் நரம்பைத் தாக்குவதற்கென்றே செய்தது அது. கொசு எது, கும்பிடுபூச்சி எது என்று அதற்குத் தெரியாது.

உடனே செய்ய வேண்டியது: பூச்சியை வெளிக்காற்றுக்குக் கொண்டுபோங்கள். சுத்தமான வேறு டப்பாவுக்கு மாற்றி, வாயருகே ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். பழைய கூண்டின் டிஷ்யூ, குச்சி எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, டப்பாவைத் தண்ணீரில் பலமுறை அலசுங்கள். வலையை மாற்றுவதே நல்லது. சில பூச்சிகள் தேறும், பல தேறுவதில்லை.

பக்கிங்காம் கால்வாயையும் ஓட்டேரி நல்லாவையும் ஒட்டிக் குடியிருப்பவர்களிடம் கொசுவர்த்தியே வேண்டாம் என்று சொல்வது எளிது. “உன் பூச்சிக்காக நாங்கள் கொசுக்கடியில் சாக வேண்டுமா?” என்று ஆயா கேட்டால் நியாயமான கேள்விதான். படுக்கைக்குக் கொசுவலை கட்டிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. முடியாது என்றால் கூண்டு வேறு அறையில், கதவு மூடியபடி இருக்கட்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகைக்கும் இதே ஏற்பாடு.

மாநகராட்சியின் புகை மருந்து இயந்திரச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் ஜன்னல்களைச் சாத்துங்கள். கூண்டை ஒரு பெரிய மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, புகை கலைந்த பிறகு எடுங்கள். கும்பிடுபூச்சிக்குத் தேவைப்படும் காற்று கொஞ்சம்தான், அந்த நேரத்துக்கு மூச்சு முட்டாது. பீரோவுக்குள் வைக்கலாமே என்று தோன்றும். அங்கே அந்துருண்டை இருக்கும், வேண்டாம். போகி விடியற்காலையிலும் இதே பெட்டி உதவும்.

நஞ்சு இரை வழியாகவும் வரும். மீன்சந்தை ஈக்களைப் பிடித்துவந்து போடாதீர்கள். அடுக்களைக் கரப்பான் எந்த வீட்டுப் பசை மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ தெரியாது.

சாப்பிட மறுக்கிறது

வயிற்றைப் பாருங்கள். உருண்டிருந்தால் பசியில்லை, விட்டுவிடுங்கள். தோலுரிக்கப் போகிறது என்றாலும், தோலுரித்து ஓரிரு நாள்தான் ஆகிறது என்றாலும் பொறுத்திருங்கள். வயிறு ஒட்டியிருந்தும் தின்னவில்லை என்றால் இரையின் அளவைக் குறைத்துப் பாருங்கள், அல்லது இடுக்கியால் பிடித்து முகத்துக்கு முன்னால் மெல்ல ஆட்டுங்கள். அசையாத இரை அதன் கண்ணில் படாது. சிறு குஞ்சைப் பெரிய டப்பாவில் விட்டிருந்தால் இரையும் அதுவும் சந்திக்கவே வாய்ப்பில்லாமல் பட்டினி கிடக்கும். முதலில் டம்ளர் அளவு டப்பாவில் வளர்த்து, வளர வளர மாற்றுங்கள்.

மெல்லிய நீண்ட கழுத்தும், காய்ந்த சருகுபோன்ற மடிப்புகள் உள்ள கால்களுமாக ஒரு வகை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. வயலின் கும்பிடுபூச்சி என்பார்கள். அது தரையில் ஊரும் இரையைச் சீந்தாது, பறக்கும் ஈதான் வேண்டும். கூடுதல் சூடும் வறட்சியும் அதற்குப் பிடிக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் அதில் கைவைக்காமல் இருப்பது நல்லது.

கூண்டில் வெள்ளைப் படலம், புழுங்கிய நாற்றம்

படலத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்துபோனால் அது உப்பு. திருவொற்றியூர்ப் பக்கத்துப் போர் தண்ணீரைத் தெளித்தால் வலையில் இப்படித்தான் பூக்கும். கேன் தண்ணீருக்கு மாறுங்கள்.

கரையாமல் பஞ்சுபோல் நின்றால் பூஞ்சை. அப்போது தெளிப்பு அதிகம், காற்று குறைவு என்று பொருள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், வலையில் சில துளிகள் நிற்கும் அளவுக்குத் தெளித்தால் போதும். பூச்சி அந்தத் துளிகளைக் குடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதையும் குறைக்கலாம். அடியில் தேங்காய் நார்த்தூள் போட்டிருந்தால் அள்ளி எறிந்துவிட்டு டிஷ்யூ விரியுங்கள். இரையின் மிச்சம் மீதியை அன்றன்றே எடுத்துவிடுங்கள்.

இதே புழுக்கத்தோடு பூச்சி கருப்பாகவோ பழுப்பாகவோ வாந்தி எடுத்தால் அழுகிய இரை அல்லது அதிகச் சூடு காரணமாக இருக்கலாம். சில நாள் இரை கொடுக்காமல், தண்ணீர் மட்டும் கொடுத்து, கூண்டைக் கழுவிக் காயவையுங்கள்.

கண்ணில் கருப்புப் புள்ளி

நீங்கள் இடமும் வலமும் நகரும்போது புள்ளியும் உங்களோடு நகர்ந்தால் ஒன்றுமில்லை. கூட்டுக் கண்ணின் அமைப்பால் தோன்றும் பொய்ப் பாவை அது. இரவில் இரண்டு கண்களும் முழுக்கக் கறுத்தாலும் இயல்பே, காலையில் வெளுக்கும். நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் பழுப்புத் தழும்பு மட்டும் உராய்வுக் காயம். தெளிந்த பிளாஸ்டிக் வழியாக வெளியே போகலாம் என்று நினைத்து முட்டிக்கொண்டே இருப்பதால் வருவது. அந்தச் சுவருக்கு வெளியே காகிதம் ஒட்டுங்கள், அல்லது உள்ளே வலை ஒட்டுங்கள்.

இரவெல்லாம் முட்டி மோதுவது பெரும்பாலும் முதிர்ந்த ஆண். அடிவயிற்று வளையங்களை எண்ணினால் ஆணுக்கு 8, பெண்ணுக்கு 6. ஆண் ஒல்லியாக இருக்கும், வெளிச்சத்தைத் தேடிப் பறக்கும். தெருவிளக்கு ஒளி விழாத இடத்துக்குக் கூண்டை நகர்த்தினால் பாதி அடங்கும்.

எறும்பு வரிசை கட்டிவிட்டது

இது அவசரம். தோலுரித்து மென்மையாகத் தொங்கும் பூச்சியை எறும்புகள் விட்டுவைக்காது. சாக்பீஸ் கோடு கூடாது என்று மேலே சொல்லியாயிற்று. சர்க்கரை டப்பாவுக்குச் செய்கிற அதே வேலையைச் செய்யுங்கள்: தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் கூண்டை வையுங்கள். கூண்டு சுவரையோ, திரைச்சீலையையோ, வெப்பமானியின் வயர் தரையையோ தொட்டால் அதுவே பாலமாகிவிடும். தட்டுத் தண்ணீரை வாரம் இரண்டு முறை கொட்டிக் கழுவி மாற்ற வேண்டும். தேங்கவிட்டால் டெங்குக் கொசு அங்கேயே குடும்பம் நடத்தும், கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து பார்த்தால் பதில் சொல்ல முடியாது.

தின்கிறது, ஆனால் தேறவில்லை. வயிறு மட்டும் ஒருபுறம் வீங்குகிறது

செடியிலிருந்து பிடித்துவந்த பூச்சி என்றால் உள்ளே ஒட்டுண்ணி இருக்கலாம். குதிரைமுடிப் புழு என்பது கருப்புக் கம்பிபோல் நீளமாக, பூச்சியைவிடப் பல மடங்கு நீளத்தில் உள்ளே சுருண்டு கிடந்து, தண்ணீரைக் கண்டதும் பின்புறமாக வெளியே வரும். மனிதர்களுக்கு அதனால் கேடில்லை, பூச்சி பெரும்பாலும் பிழைக்காது. கூண்டில் திருத்த ஒன்றும் இல்லை.

குச்சியில் நுரைபோல் எதையோ ஒட்டிவைத்திருக்கிறது

முட்டைக்கூடு. ஆணோடு சேராத பெண்ணும் இடும், அது பொரியாது. சேர்ந்திருந்தாலோ வெளியிலிருந்து பிடித்த பெண்ணாக இருந்தாலோ, கூடு ஒட்டியிருக்கும் குச்சியோடு எடுத்து, மிக நெருக்கமான வலை போட்ட தனி டப்பாவில் தொங்கவிடுங்கள். நம் வெப்பத்தில் மூன்று முதல் ஆறு வாரத்தில் பொரியும். கூட்டின் மேல் சிறு வட்டத் துளைகள் தெரிந்தால் ஒட்டுண்ணிக் குளவி முந்திக்கொண்டது என்று அர்த்தம்.

ஒரே கூட்டிலிருந்து நூற்றுக்கும் மேல் குஞ்சுகள் வரலாம். அவை ஒன்றையொன்று தின்னும். வைத்துக்கொள்ள முடிந்த சிலவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, மற்றவற்றைத் தாயைப் பிடித்த அதே செடிப்பக்கம் கொண்டுபோய் விடுங்கள். வெளிநாட்டு இனம் என்றால் எக்காரணம் கொண்டும் வெளியே விடக் கூடாது. குஞ்சுகளுக்கு முதல் உணவு பழ ஈ. அழுகிய வாழைப்பழத்தைப் பாட்டிலில் போட்டு ஈ உள்ளே புகுந்ததும் வாயில் துணி கட்டினால் பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். அதனால் முட்டைக்கூடு கிடைத்த அன்றே பாட்டிலைத் தொடங்குங்கள், பக்கத்து வீட்டு அக்காவிடம் வாடைக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.